விண்ணப்பத்துக்குப் பதினான்கு புள்ளி

ஜார் மன்னர் செய்த பிழைகளை இருபத்திநான்கு வருடம் ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் படிப்பித்தவள் நான். அவற்றில் எதையாவது நானும் செய்யாமல் விட்டேனா என்று ஓய்வுபெற்ற பிறகு ஆறுதலாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஜப்பானோடு போருக்குப் போகவில்லை. மற்றதெல்லாம் செய்திருக்கிறேன்.

வரலாறு படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பாடக்குறிப்பு தயாரிப்பது, வகுப்பைத் திட்டமிடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெற்ற நாள்வரை புரொஜெக்டரை நிறுத்த ஒரு பிள்ளையைத்தான் கூப்பிட்டேன். ஆகவே எனக்கு உண்மையிலேயே அனுபவம் உள்ள ஒரு விடயத்தை எழுதுகிறேன்: நான் எப்படி ஒரு கிளர்ச்சிக்குக் காரணமானேன் என்பதை. தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் மேசையில் திருத்தக் கிடக்கும் தாள்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஏன் என்று பிறகு விளங்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ரஷ்யாவுக்கு மூன்று கிழமை ஒதுக்குவேன். பேரரசின் கடைசிக் காலத்தில் அந்தச் சமூகம் ஏன் அப்படிக் கொதித்தது? வலது கையை உயர்த்தி விரல் விரலாக மடக்குவேன். பெருவிரல், நிலம். பண்ணையடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட விவசாயி, தலைமுறை தலைமுறையாகத் தான் உழுத மண்ணுக்கே தவணை கட்டினான். குடும்பம் பெருகியது, காணி பெருகவில்லை. சுட்டுவிரல், தொழிற்சாலை. கிராமத்தைவிட்டு நகரத்துக்கு வந்தவன் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இயந்திரத்தோடு நின்றான். நடுவிரலைத் தனியாகக் காட்டினால் வகுப்பு அன்றைக்கு முடிந்தது என்பதால், அதையும் மோதிர விரலையும் சேர்த்து மடக்குவேன்: தோற்றுப்போன போர், நசுக்கப்பட்ட சிறுபான்மை மொழிகள். மொழி என்று தொடங்கினால் போதும், நம் பிள்ளைகள் மிச்சத்தை எனக்கே சொல்லித் தருவார்கள். கடைசியாகச் சின்னவிரல்: சொன்னால் கேட்காத ஆட்சி.

இதில் எனக்குப் பிடித்தது சுட்டுவிரல்தான். சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாசல் சாத்தப்படும், பிந்தி வந்தவனுக்கு அபராதம் என்ற இடம் வந்ததும் குரலை இறக்கி, கண்ணை அகட்டி, பனியில் நிற்கும் தொழிலாளியாகவே மாறிவிடுவேன். இதையெல்லாம் நான் பூட்டிய கதவுக்குள் நின்றுதான் சொன்னேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓம், பூட்டிய கதவு. எட்டே முக்காலுக்கு மணி அடிக்கும். மணி நின்றதும் கதவைச் சாத்துவேன். திறப்பு போட்டுத் திருகாமல் வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு அது. முதல் பத்து நிமிடம், முந்தின நாள் பாடத்தில் ஒரு குட்டிச் சோதனை. அது முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். பிந்தி வந்தவருக்குச் சோதனையில் பூச்சியம். காரணம் கேட்பதில்லை, விதிவிலக்குக் கிடையாது.

என்னை அரக்கி என்று நினைக்காதீர்கள். அந்த விதிக்கு முன்னால் என் வகுப்பு பஸ் நிலையம் மாதிரி இருந்தது. ஒன்பது மணி வரைக்கும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள், கையில் கோப்பி வேறு. விதி வந்த இரண்டாம் கிழமை எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டாவது விதி ஒன்றும் போட்டேன்: தாள், கடிதம், மன்னிப்பு எதுவானாலும் என் கையில் தரக்கூடாது. கதவடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, அதில் போடவேண்டும். நான் மில்லிக்கனிலிருந்து காரில் வருகிறவள். குளிர்காலத்தில் என் கார்க் கதிரை தானாகவே சூடாகும். ஒரு நாளும் பிந்தியதில்லை. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத்து வகுப்பில் இருபத்தேழு பேர். அதில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் ஜெரோம். கெட்டிக்காரன், ஆனால் வாய் காதுவரைக்கும். மற்றவள் தர்ஷிகா. வோபர்னிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பின்வரிசை, கேட்டால்தான் பேசுவாள். தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். இந்த இரண்டு பேரும் கோபம் வந்தால் மட்டும் என்னோடு தமிழுக்கு மாறுவார்கள். அதை வைத்தே நான் காலநிலையைக் கணித்துக்கொள்வேன்.

தர்ஷிகா ஐந்து முறை பிந்தி வந்து ஐந்து பூச்சியம் வாங்கியிருந்தாள். பல்கலைக்கழகங்களுக்குப் போகும் இடைத்தவணைப் புள்ளிகளை அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை நாங்கள் அனுப்பவேண்டும். அந்தப் பூச்சியங்களோடு போனால் அவளுக்கு இடம் கிடைப்பது சந்தேகம். இதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கோ பட்டியலில் ஐந்து பூச்சியம் மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் கிழமை நான் கொடுத்த வேலை இது. பீட்டர்ஸ்பேர்க் தொழிலாளர்கள் ஒரு பாதிரியாரோடு, சாமி படங்களையும் ஜார் மன்னரின் படத்தையும் தூக்கிக்கொண்டு, அரண்மனைக்கு விண்ணப்பம் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரியும். மன்னர் அங்கே இல்லை. பட்டாளம் இருந்தது, சுட்டது. அந்தத் தொழிலாளர்களாக உங்களை நினைத்து, நான்கு பேர் குழுவாக ஒரு விண்ணப்பம் எழுதுங்கள் என்றேன். ஏழு குழு, ஒன்றில் மட்டும் மூன்று பேர், இருபது புள்ளி, வெள்ளிக்கிழமை தட்டில் இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து நான் என் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜெரோம் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தான்.

"மிஸ், உது வந்து... நீங்கள் ஒருக்கா இப்பவே வாசிச்சால் நல்லம்."

தமிழில் பேசினான். நான் கவனித்திருக்கவேண்டும்.

"தட்டிலை போடு."

"இல்லை மிஸ், இது அசைன்மென்ற்..."

"ஜெரோம். தட்டு."

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். தாளைத் தட்டில் போட்டான். போய்விட்டான். 'இது அசைன்மென்ற் இல்லை' என்று சொல்ல வந்தவனை ஒரு சொல் குறையவே நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை திருத்தினேன். அஜின்கோர்ட்டில் ஒரு பலகாரக் கடை, மூலை மேசை, மூன்று வடை, ஒரு பால்தேத்தண்ணி. என் நல்ல திருத்தமெல்லாம் அங்கேதான் நடந்திருக்கிறது, கெட்டதும் அங்கேதான். ஒரு குழு ஜார் மன்னருக்கு ஈ-மெயில் அனுப்பியிருந்தது. இன்னொரு குழு தொழிலாளர் விடுதிக்கு வைஃபை கேட்டிருந்தது. சிவப்புப் பேனையால் 'காலப் பிழை', 'காலப் பிழை' என்று எழுதி எழுதிக் கை வலித்தது. கடைசித் தாளுக்கு வந்தபோது வடையும் முடிந்துவிட்டது. அதில் பெயர் இல்லை. இப்படித் தொடங்கியது:

"மாண்புமிகு ஆட்சியாளரே, உங்கள் வாசலில் நிற்கிறோம். கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே வெளிச்சம் தெரிகிறது."

பக்கத்தில் எழுதினேன்: 'கதவு, அருமையான குறியீடு!'

"எங்களில் ஒருத்தியின் தாய் விடியமுன் வேலைக்குப் போய்விடுகிறார். அவள் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு, நிரம்பிய பஸ் இரண்டு நிற்காமல் போக, மூன்றாவதில் ஏறி வருகிறாள்."

'பஸ்? 1905இல்? காலப் பிழை. ஒரு புள்ளி கழிவு. ஒருத்தியின் கதையை வைத்து ஒரு வர்க்கத்துக்காகப் பேச முடியாது. ஆதாரம் போதாது.'

"கதவை ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். அல்லது சோதனையைக் கடைசி நிமிடங்களுக்கு மாற்றுங்கள். அவளுடைய பூச்சியங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் வேண்டும்."

'சோதனையா? தொழிற்சாலையில் என்ன சோதனை? கவனக்குறைவு. ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை அல்ல. பாடத்தைத் திரும்ப வாசிக்கவும்.'

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இருபத்தேழு கையெழுத்து. 'உண்மை விண்ணப்பம் போலவே இருக்கிறது, நல்ல முயற்சி' என்று எழுதினேன். கீழே: 'நோக்கம் நல்லது. 14/20. திருத்தி எழுதிச் சமர்ப்பிக்கலாம்.'

சோதனை என்ற சொல்லைக் கண்டுமா உனக்கு உறைக்கவில்லை என்று கேட்பீர்கள். உறைக்கவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். ஒவ்வொரு சொல்லையும் வாசித்தேன், ஒவ்வொரு சொல்லிலும் பிழை தேடினேன், யாரோ என்னோடு பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. ஏழு குழுவுக்கு எட்டுத் தாள் வந்திருப்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெயரில்லாத தாளை, எழுத்து நடையை வைத்து ஜெரோமிடம் நீட்டினேன். அவன் வாசித்தான். பக்கத்தில் இருந்தவள் வாசித்தாள். தாள் மெல்ல மெல்ல வகுப்பின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"மிஸ், நீங்கள் இதை வாசிச்சனீங்களோ?" என்று ஜெரோம் கேட்டான்.

"வாசிக்காமல் எப்பிடி மார்க்ஸ் போடுறது? பதினாலு நல்ல மார்க்ஸ்தானே."

தர்ஷிகா தாளைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிள்ளைக்குச் சந்தோஷம் என்று நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்கு மணி அடித்தபோது வகுப்பில் நான் மட்டும்தான் இருந்தேன். இருபத்தேழு கதிரையும் வெறுமை. சரி, விதி என்றால் விதி என்று கதவைச் சாத்தினேன். இருபத்தேழு மேசையிலும் சோதனைத் தாளை வைத்தேன். வெற்று வகுப்புக்குச் சோதனை வைத்த ஆசிரியை இந்த மாகாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் இருபத்தேழு பேரும் வரிசையாக நின்றார்கள். பை காலடியில். நடுவில் ஜெரோம் ஒரு பெரிய மட்டையை உயர்த்திப் பிடித்திருந்தான். அதில் என் படம்! பள்ளி ஆண்டுமலரில் வந்தது, கண் பாதி மூடி, தலைமயிர் காற்றில் எழும்பி நிற்கும் படம். அதைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். தொழிலாளர்கள் மன்னரின் படத்தைத் தூக்கிக்கொண்டு போனதை நான் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன்.

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்துப் பக்கத்து வகுப்புக்கு அழைத்தேன். அங்கே கணிதம் படிப்பித்தவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பள்ளியில் என்னை ரீச்சர் என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

"அண்ணை, வெளியிலை என்ன நடக்குது?"

"உங்கட படம் பிடிச்சுக்கொண்டு நிக்கினம் ரீச்சர். படம் அவ்வளவு நல்லாயில்லை."

"என்ன வேணுமாம்?"

"உங்கட கதவின்ர வெளிப்பக்கத்திலை ஒரு தாளை ஒட்டியிருக்கினம். கொஞ்சம் பொறுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்." திரும்பி வந்து வாசிக்கத் தொடங்கினார். "'கதவு, அருமையான குறியீடு' எண்டு எழுதியிருக்கிறியள். 'பஸ், காலப் பிழை' எண்டும் எழுதியிருக்கிறியள். ரீச்சர், அந்தப் பிள்ளை உண்மையா பஸ்ஸிலைதானே வாறது?"

அவர் விடாமல் முழுவதையும் வாசித்தார். என் குறிப்புகளை இன்னொருவர் குரலில் கேட்கக் கேட்கக் காது சுட்டது. அதுவரை என் வாழ்நாளில் எனக்கு அப்படி வெட்கம் வந்ததில்லை. அந்த வெற்றுக் கதிரை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரீச்சர், இருக்கிறியளோ? அந்தக் கரையாலை உதவி அதிபர் வாறார். கையிலை வோக்கி-ரோக்கி."

இதுதான் நெருக்கடி. உதவி அதிபர் நல்ல மனிதர், ஆனால் ஒழுங்குப் பிரியர். வகுப்பு நேரத்தில் இருபத்தேழு பேர் வெளியே நின்றால் முதலில் பெயர் எழுதுவார். தலைமை தாங்கியவன் ஜெரோம், இடைநிறுத்தப்பட்டு வீட்டுக்குப் போவான். அடுத்ததாகப் பிந்தி வந்தோர் பதிவேட்டைப் புரட்டுவார், அதில் முதல் பெயர் தர்ஷிகா. வெள்ளிக்கிழமை போகவேண்டிய புள்ளியோடு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் ஒன்றும் அவள் கோப்பில் ஏறும். கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டால் என் விதி செத்தது, நாளை முதல் ஆளுக்கொரு படம் தூக்குவார்கள். திறக்காமல் விட்டால் உதவி அதிபர் பட்டாளத்தின் வேலையை எனக்காகச் செய்வார். உறுதியாக நில்லுங்கள், விட்டுக்கொடுத்தால் போச்சு என்று மன்னருக்குச் சொன்ன அமைச்சர்கள் எல்லோரும் அந்த நேரம் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணை, என்ன செய்ய?"

"நான் கணக்கு வாத்தி. உங்கட ஜார் கீர் ஒண்டும் எனக்குத் தெரியாது. ஒண்டு மட்டும் கேக்கிறன். சனம் வந்த அண்டைக்கு அந்தாள் அரண்மனையிலை இருந்தவரோ?"

"இல்லை அண்ணை. அண்டைக்கு நகரத்திலையே இல்லை."

"அப்ப நீங்களாவது இருங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் கதவைத் திறந்து வெளியே போனேன். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் திறப்பு உள்ளே மேசையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. இதைப் பிற்காலத்தில் பலர் என் துணிச்சல் என்று சொன்னார்கள். நானும் மறுக்காமல் தலையாட்டியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் போய் வரிசையில், என் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்போது உதவி அதிபர் வந்து சேர்ந்தார்.

"இங்கே யார் பிந்தியது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான் பிந்திவிட்டேன். திறப்பு உள்ளே இருக்கிறது."

அவர் வரிசையைப் பார்த்தார். என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தப் படம் எதற்கு?"

"பாடத்துக்கு."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வரலாற்று ஆசிரியர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கவேண்டும். வோக்கி-ரோக்கியில் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு, திறப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பராமரிப்பாளர் கீழ்மாடியில் ஒரு தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வரப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் என் வகுப்புக்கு வெளியே நின்றேன். உள்ளே வெளிச்சம் தெரிந்தது. மேசைகளில் சோதனைத் தாள்கள் தெரிந்தன. எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும்.

தர்ஷிகா வரிசையின் கடைசியில் நின்றாள். நான் அவளிடம் போனேன். அவளே முந்திக்கொண்டாள்.

"மிஸ், ஆதாரம் காணாது எண்டு போட்டிருந்தனீங்கள். ஆதாரம் வேணுமெண்டால் நாளைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன். ஏழு வயசு. அவன்ர ஸ்கூல் கதவு திறக்க முன்னம் அவனைத் தனிய விட்டிட்டு வர ஏலாது. விட்டவுடனை நான் ஓடித்தான் வாறனான். ஒவ்வொரு நாளும் ஓடித்தான் வாறனான் மிஸ்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"காரணம் கேக்கமாட்டன் எண்டு முதல் நாளே சொன்னனீங்கள்."

ஓம், சொன்னேன். அதைப் பெருமையாகவும் சொன்னேன். அவள் கையைப் பிடித்து, பிழை என்னுடையது என்று அந்த நடைவழியிலேயே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஜெரோம் மட்டையைக் கீழே இறக்கினான். புதன்கிழமை எழுத்தில் பதில் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நான் மிக நல்லவளாகத் தெரிவேன். ஆனால் மன்னர்களுக்கு அடுத்த வியாதி இனித்தான் வரும். நடைவழியில் நின்றபோது இருந்த மனம், வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து பேனையைக் கையில் எடுத்ததும் மாறிவிட்டது. இவ்வளவு இறங்கவேண்டுமா, மற்ற வகுப்புகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைத் திருப்பி எடுத்தேன். புதன் போய், வியாழன் காலையில்தான் கொடுத்தேன். 'ஆசிரியர் உகந்ததெனக் கருதும் நாட்களில் கதவு ஐந்து நிமிடம் திறந்திருக்கும். முன்னைய பூச்சியங்கள் பரிசீலிக்கப்படும். இச்சலுகையை எந்நேரமும் மீளப் பெறும் உரிமை ஆசிரியருக்கு உண்டு.'

பாடம் முடிந்து பார்த்தால் தட்டில் ஒரு தாள் கிடந்தது. கையில் தரவில்லை, விதிப்படி தட்டில். என்னுடைய பதில்தான். சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தார்கள்.

'உகந்ததென யார் கருதுவது? தெளிவில்லை.' 'பரிசீலிக்கப்படும்: யாரால், எப்போது? நாளை வெள்ளிக்கிழமை.' 'எந்நேரமும் மீளப் பெறும் உரிமை: ஜார் மன்னரும் நாடாளுமன்றத்தைக் கொடுத்துவிட்டு இதையேதான் செய்தார், இரண்டு முறை கலைத்தார். பாடத்தைத் திரும்ப வாசிக்கவும்.' கீழே: 'நோக்கம் நல்லது. 14/20. திருத்தி எழுதிச் சமர்ப்பிக்கலாம்.'

ஆசிரியர் அறையில் அதை மன்னார்க்காரருக்குக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாலு கூடிப்போச்சு ரீச்சர். நானெண்டால் ஒன்பது போட்டிருப்பன்."

அங்கேயே நின்றபடி திருத்தி எழுதினேன். இந்த முறை மூன்றே வரி. சோதனை இனிமேல் கடைசிப் பத்து நிமிடத்தில். கதவு திறந்திருக்கும். தர்ஷிகா தவறவிட்ட ஐந்து சோதனைகளையும் இன்று மதியமே எழுதலாம். மதியம் அவள் கணித வகுப்பில் உட்கார்ந்து எழுதினாள், மேற்பார்வை மன்னார்க்காரர். நான் எதிரில் நின்றால் பிள்ளைக்குக் கை ஓடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். ஒன்றில் பெருவிரலை மறந்து நிலத்தை விட்டுவிட்டாள். மற்ற நான்கும் நன்றாக எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவளுடைய சரியான புள்ளி போனது. வசந்தத்தில் தாதிப் படிப்புக்கு இடமும் கிடைத்தது.

கதவு திறந்ததால் உலகம் கவிழவில்லை. இரண்டு பேர் சலுகையைக் கண்டு கோப்பிக் கப்போடு ஆடி அசைந்து வந்தார்கள்தான். மூன்றாம் நாள் மற்றப் பிள்ளைகளே அவர்களை வாசலில் பிடித்து என்னவோ சொன்னார்கள், நான்காம் நாள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி உங்கள் பங்கு. விதி போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், போடாவிட்டால் உங்களை வகுப்பு தின்றுவிடும். ஆனால் ஒரு விதி மிக நன்றாக வேலை செய்கிறது என்று ஊரே உங்களைப் புகழும் நாளில், அது யார்மேல் வேலை செய்கிறது என்று போய்ப் பாருங்கள். தமிழுக்கு மாறிப் பேசுகிற பிள்ளையை அரைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். அந்த வருடத்துக்குப் பிறகு ரஷ்யாவைப் படிப்பிக்கும்போது வலது கை எனக்குப் போதவில்லை. ஐந்து காரணத்தையும் மடக்கிய பிறகு இடது பெருவிரலைத் தூக்கி, ஆறாவது, விண்ணப்பத்துக்குப் புள்ளி போட்டது என்பேன். பிள்ளைகள் அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள். சோதனையில் வராது என்று சொல்லிவிடுவேன்.

அந்த மூன்று வரிப் பதிலுக்கும் வகுப்பு புள்ளி போட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தர்ஷிகா அதைத் தட்டில் போடாமல் நேரே என் கையில் கொண்டுவந்து தந்தாள். இருபத்தேழு பேரும் அதில் கையெழுத்து வைத்திருந்தார்கள். பதினெட்டு.

"எல்லாம்தானே தந்தனான் பிள்ளை. மற்ற ரெண்டு எங்கை?"

அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"புதன்கிழமை தாறனெண்டு சொல்லி வியாழக்கிழமை தந்தனீங்கள். பிந்தினால் கழிவு, மிஸ். காரணம் கேக்கிறதில்லை."